வேர்த்தால் ஜுரம் போய்விட்டதா?

ஜுரம் விட்டுப்போச்சு என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. எங்கே போச்சு? போனதை யார் பார்த்தது?

போன பௌர்ணமியன்று கிரிவலம் வந்தான் ஏழுமலை. என் சகலை, மனைவியின் தங்கை வீட்டுக்காரன். கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறான். முந்தின நாள் போனில் பேசியபோது உச்சிவெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்குவதாகச் சொன்னவன், மறுநாள் மதியம் என் வாசலில் நிற்கிறான் — சட்டையெல்லாம் வேர்வை.

"ஜுரம் சுத்தமா விட்டுச்சுண்ணா. பாரு, எப்படி வேர்க்குது!"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டர் இன்னாத்துக்கு? மெடிக்கல்ல செட் வாங்கிப் போட்டேன்."

செட் தெரியும்தானே? கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாதி உடைத்த ரோஸ் ஒன்று என்று காகித உறையில் போட்டுத் தருவாரே, அது. ஜுரத்துக்கு ஒரு செட், சளிக்கு ஒரு செட். பௌர்ணமி வந்தால் எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு — மலை சுற்றுகிறவர்களுக்குக் கால்வலி செட். நடப்பதற்கு முன்பே போட்டுக்கொள்கிறார்கள்! ஏழுமலை ஊரில் ஜுர செட்டைப் போட்டுவிட்டு, எங்கள் தெருக் கடையில் கால்வலி செட்டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"இந்த மாசம் விட்டுடுடா."

"நீ வேணா ஆட்டோல சுத்துண்ணா. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு பௌர்ணமி விட்டதில்ல நானு."

அவனைத் தனியாக அனுப்ப மனசில்லை. கூட நடந்தேன். நன்றாகத்தான் நடந்தான். என்னைவிட வேகம். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நேற்று கம்பளிக்குள் நடுங்கியவனுக்கு இன்று எங்கிருந்து வந்தது இந்தத் தெம்பு?

அடி அண்ணாமலையில் ஒரு குழாயடியில் வாய் கொப்பளித்தான். துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது.

"வெத்தல போட்டியா?"

"இல்லண்ணா. ஈறு கசியுது. காலைலேர்ந்தே இப்படித்தான்."

"காலைலேர்ந்தா? இப்ப சொல்றியேடா, மாடே!"

"சொன்னா நீ நடக்க வுடமாட்ட."

பௌர்ணமிக் கூட்டத்தில் கிரிவலப் பாதைக்குள் ஆட்டோ ஏது? பக்கத்து டீக்கடைக்காரர் பைக்கை எடுத்தார். ஏழுமலையை நடுவில் உட்கார வைத்து, நான் பின்னால் தொற்றிக்கொண்டு, ஊருக்குள் புகுந்து குறுக்கு வழியில் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் புலம்பினான் — "பாதியில வுட்டுட்டமேண்ணா."

டாக்டரம்மா ஈறைப் பார்த்தார். கையில் இருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். அதை நான் அதுவரை பார்க்கவே இல்லை.

"என்ன மாத்திரை போட்டீங்க?"

"வெள்ளை ஒண்ணு, மஞ்ச ஒண்ணுங்க..."

"நான் கலரைக் கேக்கல. பேரைக் கேக்கறேன்."

பையிலிருந்து காகித உறையை எடுத்து நீட்டினான். மிச்சம் ஒரு மாத்திரை இருந்தது, அட்டைத் துண்டோடு. பெயர் இருந்த பக்கம் கத்தரிக்கோலோடு போய்விட்டது.

ரத்தப் பரிசோதனையில் டெங்கு. உடனே படுக்க வைத்து ட்ரிப்ஸ் ஏற்றினார்கள்.

"வேர்த்து ஜுரம் இறங்கிடுச்சே டாக்டர்?" என்றேன்.

"இறக்கினது மாத்திரைங்க" என்றார். கிருமி உள்ளே வந்ததும் மூளைக்குள் ப்ராஸ்டாக்ளாண்டின் என்று ஒரு பொருள் ஊறுகிறதாம். 'சூட்டை ஏத்து' என்று மூளைக்குச் சொல்வது அதுதான். மூளை சூட்டின் அளவை உயர்த்தி வைக்கிறது. உடம்பு அந்த அளவை எட்டும்வரை குளிர்கிறது, நடுங்குகிறது. கம்பளியின் கதை அதுதான். மாத்திரை அந்தப் பொருளை ஊறவிடாமல் தடுக்கிறது. அளவு இறங்குகிறது, வேர்க்கிறது. கிருமிக்கு ஒன்றும் ஆவதில்லை.

அதாவது, மனு கொடுக்க வந்தவனைப் பிடித்து மூலையில் உட்கார வைத்துவிட்டு, ஊரில் குறையே இல்லை என்று சொல்வது. நமக்குப் பழகிய வேலைதானே?

"பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையோட நின்னுக்கும். அளவா போட்டா தொந்தரவு கம்மி. பல வலி மாத்திரை உடம்பு முழுக்கக் கை வைக்கும். வயித்தைப் புண்ணாக்கும், ரத்தத்தை உறைய விடாது. டெங்குல அது ஆபத்து. இன்னொண்ணு... டெங்குல ஜுரம் விடுறப்பதான் ஜாஸ்தி கவனமா இருக்கணும்."

ஜுரம் விடும்போதுதான்! நாம் அப்போதுதானே செருப்பைக் கழற்றிவிட்டு மலை சுற்றக் கிளம்புகிறோம்?

கீழ்பென்னாத்தூரிலிருந்து அவன் மனைவி ஓடி வந்தாள். "பொழைச்சிடுவாரா?" என்று டாக்டரிடம் கேட்டாள். "பார்க்கலாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தவள், என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "மாமா, தெரிஞ்சே ஏன் கூட்டிக்கினு போனீங்க?"

நான் எங்கே கூட்டிப் போனேன், அவன்தான்... விடுங்கள்.

பிழைத்தான். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கி, எங்களை எல்லாம் அழவைத்து, மெல்ல ஏறின. வீட்டுக்குப் போனதும் போனில் முதல் கேள்வி, "அடுத்த பௌர்ணமி என்னைக்குண்ணா?" போனைப் பிடுங்கிப் பதில் சொன்னது அவன் மனைவி. அதை இங்கே எழுத முடியாது.

எனக்கு ஆறவில்லை. எங்கள் தெரு மெடிக்கலுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். "எல்லாருக்கும் இதான் சார் தர்றேன். இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேட்டதில்ல."

செத்தவன் எப்படி ஐயா வந்து கேட்பான்?

இருந்த எரிச்சலில் எனக்கே தலைவலி வந்துவிட்டது. பாராசிட்டமால் கேட்டேன். கத்தரிக்கோலை எடுத்தார். "வெட்டாதீங்க. பேரு தெரியற மாதிரி முழு அட்டையா கொடுங்க" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார்... நீங்க எந்த டிபார்ட்மென்ட்டு?"

"மாத்திரை முழுங்குற டிபார்ட்மென்ட்டு."