மெத்தை அறையில் பதிவான குரல்

இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான். பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே, வேறு வேலை இல்லையா என்று எழுந்து போகிற ஆள் நான். ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளையில் வேலை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பிள்ளையை ஏற்றுக்கொண்டு பணம் அனுப்புவார்கள். நான் வருஷத்துக்கு ஒருமுறை இல்லம் இல்லமாகப் போய், பிள்ளைகளைப் போட்டோ எடுத்து அனுப்புவேன். பார்த்துப் பார்த்து மனசு மரத்துப் போய்விட்டது. "சிரி கண்ணு" என்று சொல்லும்போது நான் சிரிப்பதில்லை.

ஒரே ஒரு ஸ்பான்சருக்கு மட்டும் போட்டோ கிடையாது. அந்த டீச்சரம்மாவுக்குக் கண் பார்வை இல்லை. ஒருகாலத்தில் இங்கே மிஷன் பள்ளியில் வேலை பார்த்தவர், நம் பேச்சு நன்றாகவே புரியும். அவர் ஏற்றுக்கொண்ட பெண், தன் பேரையும் நன்றியையும் சொல்லி, அதைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அந்தப் பெண் இருந்த இல்லத்துக்கு நான் போனது அதுவே முதல் தடவை. எனக்கு முன்னால் அங்கே போய்வந்துகொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். டீச்சரம்மாவுக்குத் தெரிந்த பேர் வேறு. அதை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

சாயங்கால ஜெபத்துக்கு மற்ற பிள்ளைகள் ஆலயத்துக்குப் போயிருந்தார்கள். பாட்டுச் சத்தம் கேட்காத இடம் வேண்டுமே என்று தேடி, பழைய மெத்தைகளை அடுக்கியிருந்த அறையை நானே கண்டுபிடித்தேன். மெத்தை சத்தத்தை விழுங்கிவிடும். இல்லத்து வார்டனம்மா, ஆபீஸ் ரூமிலேயே எடுக்கலாமே என்று இழுத்தார். நான் விடவில்லை.

"ஒழுங்கா பேரைச் சொல்லு. பணம் நின்னா உன் மாமா வீடுதான்," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வாலு முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். வட்டமாக ஒரு சூட்டுத் தழும்பு. மாமா வீடு எப்படிப்பட்டது என்று அதற்குமேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கதவைப் பாதி திறந்து வைத்தேன். பதிவு மெஷினை ஓடவிட்டு ஹெட்போனை மாட்டினேன்.

"சொல்லு கண்ணு."

"மாட்டேன். இங்க வெச்சு சொன்னா அவளுக்குக் கோவம் வரும்."

யாருக்கு என்று கேட்டேன். அவள் மெத்தை அடுக்கைப் பார்த்தாள். மேல் மெத்தையின் நடுவில் ஒரு குழி... ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்த மாதிரி. பழைய மெத்தை, அப்படித்தான் இருக்கும்.

ஹெட்போனில் மூச்சுச் சத்தம். சளி கட்டிய மூச்சு... இழுத்து இழுத்து... வாலுவைப் பார்த்தேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

டக்... டக்...

உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம். கதவு திறந்துதான் இருந்தது.

வாலு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹெட்போனில் அந்தப் பேர். தெளிவாக. பிறகு, நன்றி.

மெத்தையில் குழி இல்லை.

மெஷினை அணைத்தேன். அலறத் தோன்றவில்லை. வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சொன்னாளா என்று வார்டனம்மா கேட்டார். சொன்னாள் என்றேன். இல்லையென்றால் மாமா வீடு. அந்தப் பதிவையே அனுப்பிவிட்டேன்.

டீச்சரம்மா போன் செய்தார். "போன ரெண்டு வருஷமும் வேற புள்ளதான் பேசுச்சு. குரல் தெரியாதா எனக்கு? கேட்டா அந்தப் புள்ளைய வெளிய அனுப்பிடுவாங்கன்னு சும்மா இருந்தேன். இந்தத் தடவைதான் நம்ம புள்ளையே பேசியிருக்கா. நன்றி சொன்னப்புறம் கதவைத் திறங்கன்னு அழறாளே. ஏம்பா, பூட்டியா வெச்சிருக்கீங்க?"

நான் நன்றியோடு நிறுத்தியிருந்தேன்.

நேரே வார்டனம்மாவிடம் போனேன். விடாமல் கேட்டதும் சொன்னார். அந்தப் பேருக்கு உரிய பெண் இறந்து ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒட்டுகிற காய்ச்சல். மற்ற பிள்ளைகளுக்குப் பரவிவிடும் என்று அந்த அறையில் வைத்து, வெளியே பூட்டிவிட்டு ஜெபத்துக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது உயிர் இல்லை. பணம் நிற்காமலிருக்க அந்தப் பேரை வாலுவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் டீச்சரம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் அழுதார். வாலு அவள் சொந்தப் பேரிலேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மாமா வீட்டுப் பயம் போனது.

அந்த அறைக் கதவை நானே கழற்றினேன். உள்பக்கம், ஒரு பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், பெயிண்ட் சுரண்டிச் சுரண்டி மரம் தெரிந்தது. பாவம், கடைசி நேரத்தில் என்ன பாடுபட்டதோ என்றேன்.

கதவைப் பிடித்துக்கொள்ளக் கூட வந்திருந்த இல்லத்துப் பெயிண்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தக் கதவுக்கு அவர் பெயிண்ட் அடித்தது போன மாதம்தானாம்.