அத்திப்பள்ளி மெடிக்கலும் இரட்டைக் கையுறையும்

போன வாரம் பாத்திரம் கழுவ ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கினேன். சோப்பு ஒத்துக்கொள்ளாமல் விரலிடுக்கெல்லாம் தோல் உரிகிறதே என்றுதான். கவரைப் பிரித்ததும் மாவு பூசிய அந்த ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "என்ன, பழசா?" என்றார். பழசுதான். உங்களிடம் சொல்வதற்கென்ன, மகளே காலேஜுக்குப் போகிற காலம் வந்துவிட்டது.

அப்போது ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். எனக்கு ஊத்தங்கரைப் பக்கம். அவருக்கு வேப்பனப்பள்ளி. அவர் வேலை பார்த்தது முலாம் பூசும் ஷாப்பில். இரும்புச் சாமான்களை ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்கிற வேலை. அங்கே கையுறை இரட்டையாகத்தான் போட வேண்டும். ஒன்றோடு உள்ளே போனால் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவார். இவர் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கதவைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பார், தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பார். பாதுகாப்பாக வேலை செய்ததற்குக் கம்பெனியில் கொடுத்த ஹாட்பாக்ஸ் பரிசு ரொம்ப நாள் எங்கள் அலமாரியில் இருந்தது. இட்லி வைக்கக்கூட விடமாட்டார்.

மகள் சிசேரியனில் பிறந்தாள். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்து, "ரெண்டு வருஷத்துக்கு அடுத்த குழந்தைய பத்தி நெனைக்கவே கூடாது, தையல் நல்லா ஆறணும்" என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. சுற்றிலும் மாமியார், நாத்தனார் எல்லாம் நிற்கும்போது நாங்கள் எப்படிக் கேட்பது? எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். குழந்தையை நடுவில் போட்டுக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தாலே என் உடம்பு தானாகச் சுருங்கும். அதைப் புரிந்துகொண்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. அந்த அமைதிதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

கடைசியில் அவரே அத்திப்பள்ளிக்கு வண்டியை எடுத்தார். ஓசூர் மெடிக்கலில் வாங்கினால் யாராவது ஷிப்ட்டுக்காரன் பார்த்துவிடுவான். எல்லையைத் தாண்டிக் கர்நாடகாவுக்குள் போய்விட்டால் மானம் போகாது என்பது அந்நாளில் கம்பெனி ஆண்கள் பலருடைய கணக்கு. வழியெல்லாம் கன்னடத்தில் எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். கடைக்காரர் அசராமல் தமிழில், "எந்தக் கம்பெனி சார்? நம்மளுக்கு பர்கூருங்க" என்றாராம். செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்த அந்த ஆணுறைப் பொட்டலம், அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. பைக்கின் பக்கப்பெட்டியில் பூட்டி வைத்துவிட்டார். பர்கூரில் அவருக்கு ஒரு பெரியப்பா மகன் இருந்தான் என்பதுதான் அன்றைக்கு அவருடைய பெரிய கவலை.

ஒருநாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், பெட்டியைத் திறந்து அந்தப் பொட்டலத்தை உள்ளே எடுத்து வந்தார். காலை வெயில் ஏறியிருந்தது, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முடிந்த பிறகு பார்த்தால் ஆணுறை கிழிந்திருந்தது. ஒன்றல்ல, இரண்டும். கம்பெனிப் பழக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறார் மனிதர்.

"ரெண்டு போட்டனே," என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டும் எப்படிக் கிழியும்?"

எனக்கு அழுகை வந்தது. தையல் பிரிந்து நான் செத்துப்போவேன், இந்தக் குழந்தை தாயில்லாமல் நிற்கும் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் துணை சுகாதார நிலையத்துக்குப் போனோம். குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிற நர்ஸ் எங்கள் வயசுப் பெண், புதிதாக வேலைக்கு வந்தவள். நான் காதோடு சொன்னதைக் கேட்டுவிட்டு, "அண்ணாவையும் உள்ள கூப்புடுங்க அக்கா" என்றாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து நின்றார்.

"எத்தன போட்டீங்க?"

"ரெண்டு, சிஸ்டர். ஒன்னு போனாலும் இன்னொன்னு இருக்கும்னு. கம்பெனியில அப்பிடித்தான் கிளவுஸ் போடுவோம்."

"அங்க ரெண்டுமே ரப்பரா?"

"இல்லீங்க, உள்ள பருத்தி."

"ஏன் உள்ளயும் ரப்பர் போடல?"

"ரப்பர் மேல ரப்பர் போட்டா ஒன்ன ஒன்னு புடிச்சி இழுக்கும், கிழி..." அங்கேயே நின்றுவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மேஜையிலிருந்த டார்ச் லைட்டில் ஒன்றை மாட்டிக் காட்டினாள். "ஒன்னு போதும். பல்லால கிழிக்காதீங்க. நுனிய அமுக்கிக் காத்த எடுத்துட்டு, ஆரம்பத்துலயே அடிவரைக்கும் உருட்டி விடணும். முடிஞ்சதும் அடிய புடிச்சிக்கிட்டே உடனே வெளிய எடுங்க. தேங்காண்ணெ படவே கூடாது, ரப்பர் வீணாப்போகும். தேதி பாருங்க. எங்க வெச்சிருக்கீங்க?"

"பைக் பாக்ஸ்ல."

"வெயில்லயா?"

அவர் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

நான்தான் மனதில் கிடந்ததையெல்லாம் கேட்டேன். பால் வற்றுமா, பிறகு குழந்தையே தங்காமல் போய்விடுமா என்று. "இது உடம்புல ஒன்னும் பண்ணாது அக்கா. அவரோடது உள்ள போகாம தடுக்குது, அவ்ளோதான். கொழந்த வேணும்னா போடாம விட்டாப் போதும்" என்றாள். பெண்கள் உள்ளே வைத்துக்கொள்கிற மாதிரி ஒன்றுகூட இருக்கிறதாம். படிக்கும்போது பார்த்ததோடு சரி, அங்கே ஸ்டாக் இல்லை. இத்தனை சின்ன விஷயத்துக்கா இத்தனை மாதம் சுருங்கிக் கிடந்தோம் என்றிருந்தது எனக்கு.

அப்புறம் கரு உண்டாகாமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தாள். "நேத்துதானே ஆச்சு? இப்பவே முழுங்கிடுங்க. பால் குடுக்கறதுக்கு ஒன்னும் ஆகாது. இது இப்பிடி அவசரத்துக்குத்தான், பழக்கமா வெச்சிக்காதீங்க. தள்ளிப்போனா வாங்க, டெஸ்ட் பண்ணிக்கலாம்."

அந்த மாதம் கொஞ்சம் தள்ளித்தான் போனது. அவர் குழந்தைத் துணியெல்லாம் தானே துவைத்தார், ஹாட்பாக்ஸில் எனக்கு இட்லி வைத்தார். அதைப் பார்த்துத்தான் அவரும் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று தெரிந்தது. டெஸ்டுக்குப் புறப்படலாமென்று குழந்தைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்த காலையில் எனக்கு மாதவிலக்கு வந்தது. கம்பெனிக்கே போன் போட்டேன். "ஆயிடுச்சிங்க" என்றேன். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார் போலிருக்கிறது, "சரி, ரொம்ப சந்தோஷம்" என்று யாருக்கோ கல்யாணம் நிச்சயமான மாதிரிச் சொன்னார். சாயங்காலம் மைசூர்பாகோடு வந்தார். வீட்டுக்கார அம்மா விசேஷம் என்ன என்று கேட்டதற்கு, "இன்கிரிமென்ட்டுங்க" என்றார். லைன் முழுக்க இனிப்பு கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

மகன் பிறந்தது மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு. நாங்கள் கூப்பிட்டு வந்தவன்.

அந்த லைன் வீட்டை இடித்துவிட்டார்கள். முலாம் ஷாப் மூடிப் பல வருஷம் ஆகிறது. இப்போது சூப்பர்மார்க்கெட் பில் கவுன்டரில் சூயிங்கத்துக்குப் பக்கத்திலேயே ஆணுறை தொங்குகிறது. எடுப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நாட்களில் எதுவும் எனக்குத் திரும்பி வர வேண்டாம். அவர் என் பக்கம் திரும்பினால் உடம்பு தானாகச் சுருங்குமே, அதுவும் போய்விட்டது. எந்த நாளில் போனது என்றுகூட எனக்குத் தெரியாது.