ஒரு மாத விசா

இன்று (1972) தலவாக்கலை பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏறினார். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயி அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"தொரசானி எந்தத் தோட்டம்னு கேளுங்க மாஸ்டர்."

கேட்டேன். தோட்டமில்லை, ஊர் பார்க்க வந்தாராம். கொழும்பில் சிரித்த முகத்தோடு ஒரு மாத விசா கொடுத்தார்களாம். உங்கள் நாடு அன்பான நாடு என்றார்.

அதை அக்காவிடம் சொன்னேன். இந்த மலையிலேயே பிறந்தவர் அக்கா. குடியுரிமை கேட்டு எழுதிப்போட்டதற்கு, பூர்வீகம் இந்தியா, அதனால் இல்லை என்று போன வாரம்தான் பதில் வந்தது.

அக்கா மடியிலிருந்த ரொட்டியைப் பிய்த்து, தேங்காய்ச் சம்பல் வைத்து, அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"ஒரு மாசம் எப்புடிங்க பத்தும்? மழை விட்டு மலை தெரியவே அம்புட்டு நாளாகுமே. மாரியம்மன் திருவிழா முடிஞ்சு போகச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது, வாங்கித் தின்ற சம்பலின் உறைப்பாகவும் இருக்கலாம். கூடுதல் நாள் தங்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றார்.

நான் அக்காவைக் கைகாட்டினேன். வேறு யாரைக் காட்டியிருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.