நியூட்ரானும் ஓர் எடை மெஷினும்

பெண் பார்க்கப் போன இடத்தில் யாராவது பெண்ணின் எடையைப் பார்ப்பார்களா? போன ஞாயிறு, கடலூர் செம்மண்டலத்தில் பார்த்தோம். இரண்டு குடும்பமும் சாட்சி!

மாப்பிள்ளை என் மனைவியின் தம்பி அருள்ராஜ். சிதம்பரத்தில் இயற்பியல் ஆராய்ச்சி. அதை விளக்கி விளக்கியே இரண்டு வரன்கள் தட்டிப்போயின. அதனால் பஸ்ஸிலேயே எச்சரித்தேன்: "மச்சான், ஆராய்ச்சின்னு மட்டும் சொல்லு. போதும்."

கேட்டானா?

பெண்ணின் அப்பா மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "புரியாத வேலைக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன் தம்பி," என்றார்.

"நியூட்ரானுக்கு மொத்தத்துல சார்ஜ் கெடையாது சார். ஆனா உள்ள பிளஸ்ஸும் இருக்குது, மைனஸும் இருக்குது. நடுவுல பிளஸ்ஸுன்னு நெனச்சிருந்தாங்க, இப்ப மைனஸுங்கறாங்க. வெளிநாட்டு லேப்ல எலக்ட்ரான மோத வுடுவாங்க. அது செதறுற கணக்க வச்சி, எந்த எடத்துல எதுன்னு நான் பாக்குறேன்."

"சார்ஜ் இல்லாததுல சார்ஜ் தேடுறீங்களா? எங்க ஆபீஸ்ல அப்பிடித் தேடுனா மெமோ குடுப்பாங்க!"

வீடே சிரித்தது. மச்சான் விடவில்லை. "இன்னொரு கஷ்டம் சார்... நியூட்ரான் தனியா நிக்காது. புரோட்டானோட சேத்துத்தான் அளக்கணும். அப்புறம் புரோட்டானக் கழிக்கணும்..."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் மிக்சரைப் பார்த்தேன். மூன்றாவது வரனும் போச்சு!

அப்போதுதான் மணப்பெண் ஜெசிந்தா டீ டிரேயைக் கீழே வைத்தாள். அக்காவின் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த எடை மெஷினைக் காலால் இழுத்து, மேலே ஏறினாள். "எவ்ளோன்னு பாருங்கப்பா." குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள். தனியாக ஏறினாள். "இப்ப பாருங்க."

"என்னம்மா இது?"

"பாப்பா தனியா நிக்க மாட்டா. மாசாமாசம் இப்பிடித்தான எட பாக்குறோம்? என்னக் கழிச்சா பாப்பா. புரோட்டானக் கழிச்சா நியூட்ரான். அதத்தாம்ப்பா அவுரு சொல்றாரு."

"அதேதாங்க!" மச்சான் எழுந்தே நின்றுவிட்டான்.

பெரியவர் முகம் மலர்ந்தது. "அட, இவ்ளோதானா!" மறுகணமே தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி, இத்தன பேரு முன்னாடி உன் எடையக் காட்டிட்டியே!"

ஜெசிந்தா மெஷினிலிருந்து குதித்தாள்.

"கழிச்சப்புறம் வந்ததத்தான் நான் பாத்தேன் மாமா," என்றான் மச்சான்.

'சார்' எப்போது 'மாமா' ஆனார்? பெரியவரும் கவனித்திருக்க வேண்டும். "இன்னொரு டீ சாப்புடுங்க மாப்ள!"

நம் வேலையை ஊருக்குப் புரியவைக்கப் பட்டம் போதாது. தன்னைக் கழித்துக் காட்டவும் தயங்காத ஓர் ஆள் வேண்டும்.

முள் எங்கே நின்றது என்று கேட்கிறீர்களா? எதையும் விடாமல் டைரியில் குறிக்கும் நான், அதை மட்டும் குறிக்கவில்லை — எனக்குக் கல்யாணச் சாப்பாடு முக்கியம்!