கூடாது அண்ணன்

“ஏய், எங்க கிளம்பிட்ட? வெளியில யாரு இருக்கா உனக்கு?”

அண்ணன் கேட்பது கணினித் திரையை. ஏதோ ஒரு மென்பொருள் இணையத்துக்குப் போக அனுமதி கேட்டு, திரை ஓரத்தில் சின்னப் பெட்டியாக எட்டிப்பார்க்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, ‘தடு’ என்ற பொத்தானை அழுத்துகிறார். பெட்டி மறைகிறது. “போடா உள்ள” என்று சாய்ந்துகொள்கிறார்.

எங்கள் காது பரிசோதனை நிலையத்துக் கணினிகள் அவர் பொறுப்பு. செவித்துணைக் கருவி பொருத்துவது என் வேலை. எந்த மென்பொருள் வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று காவல் காக்கும் ஃபயர்வாலுக்கு அண்ணன்தான் எஜமான். அதனால் அவர் ‘கூடாது அண்ணன்’. அந்தப் பட்டப்பெயரை வைத்தவரே அவர்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

“வீட்ல என் பேச்சு எடுபடாது தங்கச்சி. உங்க அண்ணியை எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டா. நான் கூடாதுன்னா கேக்குறது இந்த ஒரு பெட்டிதான்” என்பார். சொல்லிவிட்டு முதலில் சிரிப்பவரும் அவரே.

மாலையில் கிளம்பும்போது விசைப்பலகைமேல் துண்டைப் போர்த்தி, ஓரங்களைச் செருகிவிட்டுத்தான் போவார். கேட்டால், “அதுக்காவது என் அருமை தெரியட்டும்.”

போன மாதம், அவர் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பையோடு அண்ணி வந்திருந்தார். “வாங்க அண்ணி” என்று பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அப்போதே பரிசோதனை அறையில் உட்காரவைத்தேன். இரண்டு காதிலும் கேட்கும் திறன் பாதிக்குமேல் போயிருந்தது.

“இவருதான் வாய்க்குள்ளயே பேசுறாருன்னு நெனச்சேன்” என்றார் அண்ணி.

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. “காது பார்க்குற இடத்துல உட்கார்ந்துக்கிட்டு, பொண்டாட்டி நம்மள மதிக்கலைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். எனக்கு எந்தக் கருவியைப் பொருத்துறது தங்கச்சி?”

கருவி வந்த நாளன்று இன்னொரு கூத்து. அதை அண்ணியின் காதுக்கேற்ப அமைக்கும் மென்பொருள், தயாரிப்பாளரின் இணையதளத்தோடு பேசியாக வேண்டும். ‘இணைக்க முடியவில்லை’ என்றே திரும்பத் திரும்பச் சொன்னது. அண்ணி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். “என் காதுக்கு ஒத்துவராதாமா?” என்று மெல்லக் கேட்டார்.

அண்ணன் வேலையில் இறங்கினார். வயரைப் பிடுங்கிச் செருகினார். கணினியை அணைத்து மறுபடி போட்டார். தயாரிப்பாளரைத் திட்டினார். மற்ற இணையதளங்களெல்லாம் ஜோராகத் திறந்தன. கடைசியில் மனமில்லாமல் ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தார். உடனே இணைப்பு கிடைத்தது. திரும்ப ஓடவிட்டார். போயிற்று.

“நிறுத்தியே வெச்சுடுங்களேன் அண்ணே” என்றேன்.

“கதவு இறுகிப்போச்சுன்னு வீட்டையே திறந்து போட்டுட்டுப் போவியா? இரு.”

தடுத்தவற்றின் பட்டியலைத் திறந்தார். எங்கள் மென்பொருள்தான் முதலில் நின்றது. முந்தின நாள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, புதிதாக அனுமதி கேட்டிருக்கிறது. அதன் பெயரைக்கூடப் படிக்காமல் இவர் தடுத்திருக்கிறார்.

அண்ணன் தன் ஆள்காட்டி விரலைத் தூக்கி என்னிடம் காட்டினார். “குற்றவாளி இவன்தான். பெத்தவளே வந்து கதவைத் தட்டினாலும் ‘கூடாது’ம்பான்.” அந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். மற்றவை அடைபட்டே கிடந்தன.

அண்ணியின் காதுகளில் கருவியைப் பொருத்தி ஓடவிட்டேன். அண்ணி முதலில் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு கைப்பையின் ஜிப்பை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார்.

“போச்சு, இனிமே முணுமுணுக்கவும் வழியில்லை” என்றார் அண்ணன், வாய்க்குள்.

“அதுவும் கேக்குது” என்றார் அண்ணி.

வெடித்துச் சிரித்தபடி அண்ணன் எழுந்தார். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. அண்ணி முகத்தைச் சுளித்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சிரிப்பு நின்றது. அண்ணன் குனிந்து, நாற்காலியை இரண்டு கைகளாலும் தூக்கிச் சுவரோரம் கொண்டுபோய், ஒவ்வொரு காலாகத் தரையில் இறக்கினார்.