மூக்கில் நிற்கும் நூன்

இரண்டு விரல்கள் மூக்கைப் பிடித்தன, விட்டன, மறுபடி பிடித்தன. குர்ஆன் ஓதும்போது நூன், மீம் எழுத்துகளின் ஒலியைச் சில இடங்களில் மூக்கில் நிறுத்தி நீட்டவேண்டும். அதைக் குன்னா என்பார்கள். சரியாக வந்தால், மூக்கைப் பிடித்ததும் ஒலி நின்றுவிடும். ஜுலைஹாவுக்குப் பிடித்தாலும் விட்டாலும் ஒன்றாகவே கேட்டது. கரியடுப்புப் புகையில் மூக்கு அடைத்திருந்தது.

1983 ஜனவரி. கணவர் இறந்தபின், டில்லி கரோல் பாக்கில் அவருடைய அண்ணன் வீட்டில் சம்பளமில்லாத சமையல்காரியாக இருந்தாள். காயல்பட்டினத்தில் பெண்களுக்கு ஓதிக்கொடுக்க ஆள் தேடினார்கள். அவள் ஓதுவதைக் கேசட்டில் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எடுத்துப்போக ஒப்புக்கொண்ட மாடிவீட்டுப் பூவராகவன் இன்று அதன் பக்கத்து ஊரான திருச்செந்தூருக்குக் கிளம்புகிறார்.

மூக்கில் தண்ணீர் ஏற்றிச் சிந்திவிட்டு, ஜன்னலைத் திறந்தாள்.

"குளிருது, மூடு புள்ள! ரேடியோக்காரி ஆகப்போறியோ? நீ போனா அடுப்பை யாரு பாப்பா?" என்றாள் அண்ணன் மனைவி மைமூன்.

"கொஞ்சம் போர்த்திக்கிடுங்க ராத்தா."

புகை விலகியது. மறுபடி மூக்கைப் பிடித்துப் பார்த்தாள்; ஒலி நின்றது. உடனே டேப்பை அழுத்தி ஓதினாள். தெருவில் ஸ்கூட்டர்கள் ஹார்ன் அடித்தன. நிறுத்தினால் மைமூன் ஜன்னலைச் சாத்திவிடுவாள். நிறுத்தாமல் ஓதி முடித்தாள்.

"ஜல்தி மா, ஆட்டோ நிக்குது" என்றார் வெளியே பூவராகவன்.

"ஹார்ன் சத்தம் விழுந்திருக்கு சார்."

"விழட்டுமே. டில்லியிலேருந்து வந்ததுன்னு நம்புவாங்க."

அந்த வீட்டார் அவளை வாசற்படியைத் தாண்ட விடுவதில்லை. உள்ளே நின்றபடியே கையை நீட்டிக் கேசட்டைக் கொடுத்தாள்.