மொட்டைத் தலையை ஏற்காத ஆப்

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சவாரிகள் எல்லாம் ஒரு ஆப் வழியாகத்தான் வரும். தினமும் காலையில் அதற்கு முகத்தைக் காட்டினால்தான் வேலை.

எனக்கு டெங்கு குணமானதற்காக நேற்று மயிலம் கோயிலில் அப்பா மொட்டை போட்டுக்கொண்டார். மீசையும் போய்விட்டது. இன்று காலை ஆப் அவரை ஏற்கவில்லை.

"வேற ஆளுன்னு சொல்லுது பாப்பா. உங்கம்மாவே நேத்து சந்தேகமாத்தான் பாத்தா" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

உதவுவதாக நினைத்து, அவருடைய பழைய போட்டோவை எடுத்து கேமரா முன்னால் பிடித்தேன்.

மோசடி முயற்சி, கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் வந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அப்பா, "என்னமோ வந்திருக்கே, இன்னா போட்டிருக்கான்?" என்று கேட்டார்.

"முடி வளந்ததும் சரியாயிடுமாம்பா" என்று சொல்லிவிட்டேன்.

"அவ்ளோதானா" என்றார். நெல்லித்தோப்பு ஸ்டாண்டில் எல்லோரிடமும் அதையே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வண்டிக்கு இன்னும் தவணை முடியவில்லை.

வீட்டில் யாராவது இப்படி ஆப்பில் வண்டி ஓட்டினால் தயவுசெய்து சொல்லுங்கள். முடக்கிய கணக்கைத் திறக்க யாரிடம் பேச வேண்டும்? அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

முடி சீக்கிரம் வளர வழி மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். தலை நிறைய விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.